கட்டம் காருக்கா, மேசைக்கா?

மாலை ஏழு மணிக்கு ஈப்போவின் கடை வரிசைகளில் ஒரு கைமாற்றம் நடக்கிறது. தையல் கடைக்காரர் இரும்புக் கதவை இழுத்துப் பூட்டுகிறார். கிளினிக்குக்கும் வங்கிக்கும் வந்த கார்கள் கிளம்பிப் போகின்றன. அவை நின்றிருந்த வெள்ளைக் கோட்டுக் கட்டங்களில் சாப்பாட்டுக் கடையின் மடக்கு மேசைகள் விரிகின்றன. சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள் அடுக்கிலிருந்து இறங்குகின்றன. ஓரத்தில் ஒரு பழைய டயர், அதற்குப் பக்கத்தில் ஓர் ஆரஞ்சு நிறக் கூம்பு. எல்லைக்கோடு அவ்வளவுதான். அதற்குப் பிறகு நள்ளிரவு வரை அந்த இடம் கடைக்குச் சொந்தம் போலத்தான்.

இதை ரசிக்காத பேராக்வாசி குறைவு. பகல் முழுக்க வெயில் குடித்த கடைவீட்டுச் சுவர் இரவு எட்டு மணிக்கும் அனல் விடும். மின்விசிறிக்குக் கீழே புழுங்குவதைவிட வெளியே காற்றாட உட்கார்ந்து தே தாரிக் குடிப்பதே சுகம். ஜாலான் யாவ் தெட் ஷின் பக்கம் தவ்கே கோழிக்காக வரும் வெளியூர்க்காரரும் சரி, ஜாலான் லாஹாட் லிட்டில் இந்தியாவில் தோசைக்கு வரும் குடும்பமும் சரி, தெருவோர மேசை காலியா என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். ஈப்போவின் சுற்றுலாவில் பாதி சாப்பாட்டுச் சுற்றுலா. மேசைகளை அடியோடு விரட்ட வேண்டும் என்று யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் பொது இடத்தை யார், எந்த நேரத்தில், எத்தனை அடி, என்ன விலைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்பதை வழிப்போக்கர் படிக்கும்படி எங்கே எழுதி ஒட்டியிருக்கிறார்கள்? கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

சட்டம் இல்லாமல் இல்லை. சாலையோரக் கட்டம் என்பது 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் வாகனம் நிறுத்த ஒதுக்கப்பட்ட இடம். பொது இடத்தில் பொருளை வைத்து வழியை மறிப்பது 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 46ஆம் பிரிவின்படி குற்றம். மேசையோ பெட்டியோ, அகற்றும் அதிகாரம் ஊராட்சி மன்றத்துக்கு உண்டு. 1976ஆம் ஆண்டின் ஊராட்சி மன்றச் சட்டம் துணைவிதிகளை இயற்றிக்கொள்ளும் உரிமையையும் மன்றங்களுக்குத் தந்திருக்கிறது. மறிப்பவரைத் தண்டிக்கவும் முடியும், முறையாக அனுமதிக்கவும் முடியும். கருவி இரண்டும் கையில் இருக்கிறது.

நடைமுறையில் இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று வளர்ந்துவிட்டது. அமலாக்க வண்டி வந்தால் நாலு மேசை உள்ளே போகும். வண்டி திரும்பினால் ஆறு மேசை வெளியே வரும். கம்பவுண்ட் கிடைத்தால் கட்டிவிடுவார்கள். வெள்ளி, சனிக்கிழமைகளில் மேசை நிறையும் கடைக்கு அந்தத் தொகை வலிக்காது. அது மாதச் செலவில் ஒரு வரி. அதாவது அபராதம் என்ற பெயரில் ஒரு வாடகை. அந்த வாடகைக்கு ஒப்பந்தம் இல்லை, அளவு இல்லை, பாதுகாப்பு நிபந்தனை இல்லை. நாற்பது மேசைக் கடையும் நாலு மேசைக் கடையும் ஒரே மாதிரித் தொகையைக் கட்டும்போது லாபம் யாருக்கு என்று தனியாகக் கணக்குப் போட வேண்டியதில்லை.

இந்தச் சண்டைக்கு வயது இருநூறு. 1822இல் சிங்கப்பூர் நகரைத் திட்டமிட்ட ராஃபிள்ஸ், கடைவீடு ஒவ்வொன்றின் முன்னும் கூரை போட்ட தொடர் நடைவழி இருக்க வேண்டும், அது எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்று விதித்தார். நாம் அஞ்சடி என்றும் மலாய்க்காரர்கள் காக்கி லீமா என்றும் சொல்வது அதைத்தான். மலாயா நகரங்கள் அந்த வடிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டன. 1892இன் பெருந்தீயில் ஈப்போவின் பாதிக்கு மேல் எரிந்தது. பிறகு தெருக்களை நேர்கோட்டில் வகுத்து நகரைக் கட்டினார்கள். இன்றும் பழைய நகரில் மழையில் நனையாமல் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடக்க முடிவது அந்த அஞ்சடிகளால்தான். இடையில் யாராவது அரிசி மூட்டையோ அடுப்போ வைத்திருக்காவிட்டால்.

வைத்திருந்தார்கள். ராஃபிள்ஸ் காலத்திலிருந்தே வைத்திருந்தார்கள். 1888 பிப்ரவரியில் சிங்கப்பூர் நகராட்சி அஞ்சடிகளைக் காலி செய்யப் புறப்பட்டபோது கலவரமே வெடித்தது. கடைகள் அடைக்கப்பட்டன, கல் வீச்சு நடந்தது. சரித்திரத்தில் அதற்கு வராந்தா கலவரம் என்றே பெயர். கடைசியில் ஒரு சமரசம்: முழுதும் காலி செய்ய வேண்டாம், நடப்பவருக்குப் போதுமான வழி விட்டால் சரி. ‘போதுமான வழி’ எத்தனை அடி என்று உறுதியாகத் தீராததால் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் வழக்கும் வாக்குவாதமும் தொடர்ந்தன. நம் ஊரில் இன்று அமலாக்க அதிகாரிக்கும் கடை முதலாளிக்கும் நடக்கும் வாக்குவாதமும் அதேதான். அளவு சொல்லாத விதி, பேசத் தெரிந்தவருக்குச் சாதகமாகவே வளையும்.

தோட்டப்புறத்திலிருந்து வந்தவர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். சுங்கை சிப்புட், கோப்பெங், பத்து காஜா வட்டாரங்களின் ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியபோது, பால்வெட்டு முடிந்த குடும்பங்கள் பல புந்தோங்குக்கும் மற்ற பட்டணப் பகுதிகளுக்கும் நகர்ந்தன. கையில் பெரிய முதல் இல்லாதவருக்குக் கிடைத்த தொழில்களில் ஒன்று ஒட்டுக்கடை. காலையில் இட்லி, தோசை. மாலையில் வடை, மீ கோரெங். தோட்டத்தில் ஒரு பெட்டிக்கடை போடுவதற்குத் துரையோ கிராணியோ தலையாட்டினால் போதும், தாள் எதுவும் தேவையில்லை. அந்தத் தலையாட்டலை நம்பி லயத்தில் இரண்டு மூன்று தலைமுறை வாழ்ந்தவர்கள், தோட்டம் கை மாறியபோது காட்டுவதற்கு ஒரு தாளும் இல்லாமல் வெளியேறினார்கள்.

பட்டணத்துத் தெருவோரத்திலும் அதே தலையாட்டல்தான் நடக்கிறது. “இங்கே போட்டுக்குங்க, யாரும் ஒன்னும் சொல்ல மாட்டாங்க” என்று தெரிந்தவர் ஒருவர் சொல்வார். யாராவது ஏதாவது சொல்லும் நாளில் அந்தத் தெரிந்தவரைத் தேடிக்கொண்டிருக்க வேண்டும். பெரிய உணவகத்துக்கு வழக்கறிஞர் இருக்கிறார், கணக்காளர் இருக்கிறார். மேசையும் அடுப்பும் லாரியில் ஏறும்போது ஒட்டுக்கடை அம்மாவுக்கு யார் இருக்கிறார்? எழுத்தில் இருக்கும் விதியால் முதலில் பயன் பெறுபவர் எளியவர்தான். ‘விதி வந்தால் ஏழைக்கடை அழியும்’ என்று சொல்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

உலகத்தின் பெரிய நகரங்கள் இந்தப் பாடத்தைக் கோவிட் காலத்தில் அவசர அவசரமாகக் கற்றன. நியூயார்க் 2020 ஜூனில் கார் நிறுத்தும் இடங்களை உணவகங்களுக்குத் திறந்துவிட்டது. உச்சத்தில் 12,000க்கும் மேற்பட்ட உணவகங்கள் சேர்ந்தன. மரக் கொட்டகைகள் முளைத்தன; பல கடைகள் பிழைத்தன, பல வேலைகள் தப்பின. நாளாக ஆக, கவனிப்பாரற்ற கொட்டகைகளில் எலி, குப்பை, தூக்கம் கெட்ட அண்டை வீட்டார் என்று புகார்கள் குவிந்தன. 2023இல் நிரந்தரச் சட்டம் வந்தது: சாலைக் கட்டத்தில் ஏப்ரல் முதல் நவம்பர் வரை மட்டுமே மேசை போடலாம், மூடிய கொட்டகைக்கு இடமில்லை, இடத்தைப் பொறுத்துச் சதுர அடிக்குக் கட்டணம், முன்பணம் வேறு. புது முறைக்கு விண்ணப்பித்த உணவகங்கள் பழைய எண்ணிக்கையின் அருகில்கூட வரவில்லை. முதலில் அளவில்லாமல் திறந்துவிட்டு, பிறகு சிறிய கடைகளால் தாங்க முடியாத அளவுக்குத் தாள்வேலையை ஏற்றினால் இப்படித்தான் ஆகும்.

பாரிஸ் சற்று நிதானமாகச் செய்தது. 2021இல் அது வகுத்த கோடைக்கால மேசை விதி சுருக்கமானது: ஏப்ரல் முதல் அக்டோபர் வரை, இரவு 10 மணியோடு சரி, ஒலிபெருக்கி கூடாது, தெருவின் தரத்துக்கேற்பக் கட்டணம். கடிகாரம் பார்க்கத் தெரிந்த எவரும் மீறலைக் கண்டுபிடித்துவிடலாம். இன்னும் பக்கத்தில், சிங்கப்பூரின் லாவ் பா சாட் சந்தையை ஒட்டிய பூன் டாட் சாலை பகலில் அலுவலகக் கார்கள் ஓடும் சாதாரணச் சாலை. வேலைநாள் மாலை ஏழுக்குப் பிறகு அதை வண்டிகளுக்கு அடைத்து, சாத்தே புகை மணக்கும் உணவுத் தெருவாக மாற்றுகிறார்கள். விடிந்தால் மறுபடியும் சாலை.

ஈப்போவுக்கு இதற்காகப் பாரிஸ்வரை போக வேண்டிய அவசியம்கூட இல்லை. ஒவ்வோர் ஆண்டும் ரமலான் மாதத்தில் நம் ஊராட்சி மன்றங்கள் என்ன செய்கின்றன? தெருவையோ திடலையோ அளந்து கோடு போடுகின்றன. கட்டத்துக்கு எண் கொடுக்கின்றன. உரிமம் வழங்கிக் கட்டணம் வாங்குகின்றன. உணவைக் கையாளுபவர் டைஃபாய்டு ஊசி போட்டிருக்கிறாரா என்று பார்க்கின்றன. மாதம் முடிந்ததும் இடத்தைக் கழுவிச் சாலையைத் திருப்பிக் கொடுக்கின்றன. தீபாவளிச் சந்தைக்கும் ஏறக்குறைய இதே ஏற்பாடு. வாரந்தோறும் கூடும் பாசார் மாலாமும், புதுநகரில் ஜாலான் டத்தோ தாவில் அஸாரை இரவில் கடைத்தெருவாக்கிய கெர்பாங் மாலாமும் இந்தப் பழக்கத்தில் வந்தவைதான். சாலையை நேரம் பிரித்துப் பகிரும் கலை நம் மன்றங்களுக்குக் கைவந்தது. பண்டிகைக்குச் செய்வதை வாரநாளுக்கும் செய்வதில் என்ன தடை இருக்கிறது?

அளவுள்ள விதி மலேசியாவில் எடுபடாது என்று சலித்துக்கொள்பவர்களுக்கு 2019 ஜனவரி 1ஐ நினைவுபடுத்தலாம். அன்றுதான் எல்லா உணவகங்களிலும், திறந்தவெளி மேசைகள் உட்பட, புகைபிடிக்கத் தடை வந்தது. அப்போதைய சுகாதாரத் துணையமைச்சர் டாக்டர் லீ பூன் சாய் கோப்பெங் தொகுதிக்காரர், நம் பேராக் மனிதர். மாமாக் கடையில் சிகரெட்டைத் தடுப்பதா என்று நாடே சிரித்தது, வழக்குக்கூடப் போட்டார்கள். தோற்றார்கள். விதியில் ஓர் எண் இருந்தது: கடையிலிருந்து மூன்று மீட்டர். முதல் ஆண்டு முழுக்க எச்சரிக்கை மட்டும் செய்தார்கள். கம்பவுண்ட் 2020 ஜனவரியில்தான் தொடங்கியது. மீறுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் மேசையில் ஒருவர் பற்றவைத்தால் “அண்ணே, அந்தப் பக்கம்” என்று சொல்லும் துணிச்சல் பரிமாறும் பையனுக்கு வந்துவிட்டது. அந்தத் துணிச்சலை அவனுக்குக் கொடுத்தது எல்லோருக்கும் தெரிந்த அந்த மூன்று மீட்டர்தான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கடையின் மேசை கார்க் கட்டத்துக்குள் இறங்கினால், மூன்று மீட்டரும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். அப்போது புகைபிடிப்பவர் போய் நிற்பது நடுச்சாலையில். ஒரு விதியை யோசிக்காமல் இன்னொன்றை வகுத்தால் மனிதர் லாரிக்கு முன்னால்தான் நிற்பார்.

மறுதரப்புக்கும் காது கொடுக்க வேண்டும். இந்த நாட்டில் பதிவான வாகனங்களின் எண்ணிக்கை மக்கள்தொகையைத் தாண்டிவிட்டது. ஈப்போவில் வீட்டிலிருந்து கடைக்குப் பேருந்தில் போய்த் திரும்பலாம் என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே பக்கத்து மருந்துக்கடைக்காரர், “எனக்கு வரும் நோயாளி எங்கே காரை நிறுத்துவார்?” என்று கேட்பது நியாயம். மாடி வீட்டில் குடியிருப்பவருக்கு நள்ளிரவில் பெரிய திரையில் பந்தாட்டம் எதற்கு? சக்கர நாற்காலியில் வருபவர் அஞ்சடியில் மேசை, கட்டத்தில் மேசை என்று பார்த்து ஓடும் வண்டிகளுக்கு நடுவே இறங்கிப் போக வேண்டியிருக்கிறது. 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் அவருக்குப் பொது இடங்களில் சம வாய்ப்பை உறுதி செய்கிறது. ஆனால் ஒரு மடக்கு மேசை அந்த உறுதியை எளிதாக மறித்துவிடுகிறது. தீயணைப்பு வண்டி நுழைய இடம் இருக்கிறதா என்பது எல்லாக் கேள்விக்கும் முந்திய கேள்வி. பிளாஸ்டிக் நாற்காலியில் முதுகைச் சாலைக்குக் காட்டி உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கும், நிலைதடுமாறி வரும் ஒரு காருக்கும் நடுவே பழைய டயரும் பிளாஸ்டிக் கூம்பும் மட்டும் இருப்பது எந்த வகையிலும் ஏற்கத் தக்கதல்ல.

இத்தனையையும் வைத்துக்கொண்டு ஒரு நல்ல விதியை ஒரே தாளில் எழுதிவிட முடியும்.

முதலில் அஞ்சடி. அதில் பேரம் கிடையாது. இரவோ பகலோ, கட்டணம் கட்டினாலும் கட்டாவிட்டாலும், அஞ்சடியில் மேசை, அடுப்பு, பெட்டி எதுவும் கூடாது. உட்கார இடம் வேண்டுமென்றால் கட்டத்தைக் கேட்கட்டும். நடக்கும் இடத்தைத் தொடக்கூடாது. 1822இல் சொன்னதை 200 ஆண்டு கழித்தாவது செய்து முடிக்கலாம்.

அடுத்தது நேரம். பகல் காருக்கு, மாலை ஏழு முதல் நள்ளிரவு வரை மேசைக்கு. குடியிருப்புகளை ஒட்டிய தாமான் கடை வரிசைகளில் பதினொன்றோடு முடியட்டும். ஒலிபெருக்கியும் பெரிய திரையும் கடைக்குள்ளேயே இருக்கட்டும்.

மூன்றாவது இடம். ஒரு கார்க் கட்டம் ஏறத்தாழ 12 சதுர மீட்டர். நாலு பேர் மேசை இரண்டு தாராளமாக, மூன்று நெருக்கமாகப் பிடிக்கும். கடை தன் முகப்புக்கு நேரே உள்ள கட்டங்களை மட்டும், அதிகபட்சம் இத்தனை என்ற வரம்போடு கேட்கலாம். மாற்றுத்திறனாளிகளின் கட்டம், மோட்டார் சைக்கிள் கட்டம், சந்திப்பை ஒட்டிய கட்டம், தீயணைப்புக் குழாய்க்கு முன்னால் உள்ள கட்டம் ஆகியவை பட்டியலிலேயே வரக்கூடாது. சாலைப் பக்கம் கனமான தொட்டிகளும் ஒளி பிரதிபலிக்கும் பட்டையும் கட்டாயம். வேகமாக வண்டி ஓடும் பெருஞ்சாலையோரத்தில் அனுமதியே வேண்டாம்.

நான்காவது சுத்தம். உணவகத்தின் கட்டத்தில் சாப்பிடலாம், சமைக்கவும் பாத்திரம் கழுவவும் கூடாது. சாலையோரச் சாக்கடையில் எண்ணெய் ஊற்றும் கடை அந்த இரவோடு உரிமத்தை இழக்க வேண்டும். கூரை, ஆணி, சிமெண்டு எதுவும் கூடாது. கடை மூடும்போது கட்டம் வெறுமையாக வேண்டும். ஈப்போ மழைக்குக் குடை போதும். தகரக் கூரை ஒருமுறை ஏறினால் இறங்காது என்பதை நம் ஊர்ப் பின்சந்துகளே சொல்லும்.

ஐந்தாவது பணம். கட்டணம் இடத்துக்கேற்ப மாறட்டும். சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் பழைய நகரின் கட்டமும் செமோர் தாமானின் கட்டமும் ஒரே விலையாக இருக்க முடியாது. ஆனால் தொகை எதுவானாலும் ஊரறிய இருக்க வேண்டும். எந்தக் கடைக்கு எத்தனை கட்டம், எந்த நேரம், என்ன கட்டணம் என்பதை மன்றத்தின் இணையப் பக்கத்திலும் கடை வாசலிலும் மலாய், தமிழ், சீனம், ஆங்கிலத்தில் ஒட்ட வேண்டும். பக்கத்துக் கடைக்காரர் எண்ணிப் பார்ப்பார். ஏழு மேசைக்கு அனுமதி வாங்கிப் பதினேழு போட்டவரை அவரே காட்டிக்கொடுப்பார். மூன்று முறை மீறினால் அபராதம் போதாது, ஆறு மாதத்துக்குக் கட்டம் போக வேண்டும். நன்றாக ஓடும் கடைக்கு வலிப்பது அதுதான்.

ஆறாவது ஒட்டுக்கடை. சாப்பாட்டுக் கடைகள் கேட்காத கட்டங்களைச் சிறு வியாபாரிகளுக்குக் குறைந்த கட்டணத்தில், அவர்களுடைய பெயரிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். பெரிய கடை உள்வாடகைக்கு எடுத்து விழுங்கிவிடாதபடி பெயர் மாற்றத் தடை இருக்க வேண்டும். விண்ணப்பம் ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது; நியூயார்க் செய்த தவற்றை நாமும் செய்ய வேண்டாம்.

இதையெல்லாம் யார் தீர்மானிப்பது என்பதில்தான் ஒரு குறை உறுத்துகிறது. 1960களில் நிறுத்தப்பட்ட ஊராட்சித் தேர்தல் இந்த நாட்டில் திரும்பவே இல்லை. மன்ற உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. சீனிவாசகம் சகோதரர்களின் மக்கள் முற்போக்குக் கட்சி தேர்தலில் வென்று ஈப்போ நகர மன்றத்தை ஆண்ட காலம் ஒன்று இருந்தது. அன்று சாக்கடை அடைத்தாலும் விளக்கு எரியாவிட்டாலும் ஓட்டுப் போட்டவர் நேராகப் போய்க் கேட்டார். இன்று அந்த வாய்ப்பு இல்லாதபோது, தெருவின் பாதியை மேசைக்குக் கொடுக்கும் முடிவை மூடிய அறையில் எடுப்பது பொருந்தாது. கடை வரிசைக்கு வரிசை ஒரு கூட்டம் போடட்டும். உணவகக்காரர், பக்கத்துக் கடைக்காரர், மாடிக் குடியிருப்பாளர், ஒட்டுக்கடைக்காரர், சக்கர நாற்காலியில் வருபவர் என எல்லோரும் ஒரே இடத்தில் பேசட்டும். அதற்குத் தேர்தல் சட்டம் மாற வேண்டியதில்லை.

ஈப்போ மாநகர் மன்றம் ஒரே நாளில் நகரம் முழுவதையும் மாற்ற வேண்டாம். பழைய நகரில் ஒரு தெரு, லிட்டில் இந்தியாவில் ஒரு தெரு, தோட்டம் தாமானாகிய புறநகரில் ஒரு கடை வரிசை என்று மூன்றைத் தேர்ந்தெடுத்து ஆறு மாதம் நடத்திப் பார்க்கட்டும். முதல் மூன்று மாதம் எச்சரிக்கை, பிறகு நடவடிக்கை. முடிவில் வந்த புகார்களையும் வசூலான பணத்தையும் அப்படியே வெளியிடட்டும். கடைக்காரர்களும் அதுவரை ஒரு காரியத்தைத் தாங்களாகவே செய்யலாம்: இன்றிரவு மேசை போடும்போது அஞ்சடியை மட்டுமாவது விட்டுவிடுங்கள்.